ஊசியை எப்போது நிறுத்தலாம்? – குழந்தைகளின் சர்க்கரை நோய் பற்றி வாசகர் கேள்விகள்

நவம்பர் 14 நம் நாட்டில் குழந்தைகள் நாள். உலகெங்கும் அதுவே நீரிழிவு நாளும் ஆகும். இன்சுலினைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஃபிரெடரிக் பான்டிங் பிறந்த நாள் என்பதால் நீரிழிவுக்கு அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை ஒட்டி, சர்க்கரை நோயோடு வளரும் பிள்ளைகளைப் பற்றி இந்தப் பகுதியில் நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்குக் கடலூரிலிருந்தும் புதுவையிலிருந்தும் வந்த கடிதங்கள் ஒரு கோப்பு நிறையச் சேர்ந்துவிட்டன. எழுதியவர்கள் பெரும்பாலும் பெற்றோர். கேட்டிருப்பதும் பெரும்பாலும் ஒரே கேள்வி. பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டு, இந்த முறை முழுப் பகுதியையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன்.

*

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு, என் மகளுக்கு ஒன்பது வயது. நான்கு மாதங்களுக்கு முன்பு வாந்தி, மூச்சுத்திணறலோடு மயங்கிய நிலையில் சேர்த்தபோது சர்க்கரை நோய் என்றார்கள். முதலில் நாளொன்றுக்கு 22 யூனிட் இன்சுலின் போட்டோம். உறவினர் ஒருவர் வாங்கி வந்த நாட்டு மருந்துப் பொடியை இரண்டு மாதமாகக் கொடுத்து வருகிறோம். இப்போது 8 யூனிட்டே போதுமானதாக இருக்கிறது. காலைச் சர்க்கரையும் நூறுக்குள் வருகிறது. பொடி கொடுத்தவர், இனி ஊசியை நிறுத்திவிடலாம், நோய் வேரோடு போய்விட்டது என்கிறார். என் மாமனாரும் ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று சொல்லி வற்புறுத்துகிறார். நிறுத்தலாமா?
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

நிறுத்தக் கூடாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் நிறுத்தியிருந்தால், படித்து முடிக்கும் வரை காத்திராமல் இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த சர்க்கரைக் குறிப்பேட்டின் நகலைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டில் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம் பிரித்து, ஊசி போட்ட இடத்தைக்கூட ‘வ.தொடை’, ‘இ.கை’ என்று குறித்து, ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. யூனிட் குறையத் தொடங்கியது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நான்காவது வாரத்தில். பொடியைத் தொடங்கியதாக நீங்கள் குறித்திருப்பது எட்டாவது வாரத்தில். அதற்குள் 22 என்பது 14 ஆகிவிட்டிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

நடந்தது என்னவென்றால், உங்கள் மகளுக்கு வந்திருப்பது முதல் வகை நீரிழிவு. மாமனாரின் வயதை ஒத்தவர்களுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டும் ஒன்றென்று நாம் நினைத்துவிடுகிறோம். பெரியவர்களுக்கு இன்சுலின் சுரக்கிறது, ஆனால் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை; அதனால் நடை, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை ஆகியவற்றுக்கு அது ஓரளவு கட்டுப்படும். பிள்ளைகளுக்கோ, கிருமியை எதிர்க்க வேண்டிய சொந்த நோய் எதிர்ப்பாற்றலே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதாலோ, நீங்கள் கவனிக்காமல் விட்டதாலோ இது வருவதில்லை.

நோய் வெளிப்படும் நாளில் பீட்டா செல்கள் அனைத்தும் அழிந்திருப்பதில்லை. மிஞ்சியவையும் ஏறிய சர்க்கரையின் நஞ்சில் சோர்ந்து கிடக்கும். வெளியிலிருந்து இன்சுலின் போடத் தொடங்கியதும் அந்த மிச்சச் செல்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. அவை தலைதூக்கிச் சில காலம் சுரக்கின்றன. ஊசியின் அளவு பாதியாகவும் அதற்குக் கீழும் குறைகிறது. மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை, சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். ஆனால் எதிர்ப்பாற்றலின் தாக்குதல் ஓயாததால் அந்தச் செல்களும் ஒவ்வொன்றாகப் போய்விடும், ஊசியின் அளவு பழையபடி ஏறும். பொடி கொடுக்காத பிள்ளைகளுக்கும் இதே ஏற்றத் தாழ்வு வருவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். நோயைக் குணப்படுத்தியதாகச் சொல்பவர்களின் பெயர் பரவுவதற்கு இந்தச் சில மாதங்களே முதலீடு. சர்க்கரை திரும்ப ஏறும்போது ‘பத்தியம் தவறியிருப்பீர்கள்’ என்று பழி உங்கள் மேல் வந்து விழும்.

இந்தக் காலத்தில் ஊசியை அடியோடு நிறுத்தினால், மிஞ்சிய செல்கள் விரைவில் சோர்ந்து போகும். ஒரு சாதாரணக் காய்ச்சல் போதும். உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் சேரும். வயிற்றுவலி, வாந்தி, பழம் அழுகியதைப் போன்ற மூச்சு வாடை, ஆழ்ந்து வேகமாக வாங்கும் மூச்சு, அதன்பின் மயக்கம் என்று ஓரிரு நாளில் முற்றிவிடும். நான்கு மாதங்களுக்கு முன்பு உங்கள் மகளை நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடியது இதற்காகத்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு, விளம்பரம் ஒன்றை நம்பி ஒரு வாரம் ஊசியை நிறுத்திய பதினொரு வயதுப் பையனை அதே நிலையில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சைக்குப் பின் பிழைத்தான். ‘சர்க்கரை 120தான் இருந்தது, அதனால் நிறுத்தினோம்’ என்றார் அவன் தந்தை. அந்த 120 ஊசி போட்டதால் வந்தது என்பதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

மாமனாரிடம் சண்டையிட வேண்டாம். ஆவாரம்பூவையும் வெந்தயத்தையும் பாகற்காயையும் சமையலில் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. அவை இன்சுலினின் இடத்தில் நிற்க முடியாது என்பதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். பொடியை நிறுத்திவிடுங்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஒன்பது வயதுக் குழந்தைக்குக் கொடுப்பது சரியல்ல. இன்னொன்றையும் அவரிடம் சொல்லலாம்: நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர மருத்துவ விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவு பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது.

*

என் மகனுக்கு ஏழு வயது. இரண்டு ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறோம். சீனாவில் குணமாக்கிவிட்டார்கள், அமெரிக்காவில் ஒரே ஊசியில் தீர்ந்துவிட்டது என்று வாரந்தோறும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. எதை நம்புவது? உண்மையான தீர்வு எப்போது வரும்?
– ஒரு தந்தை, வில்லியனூர்

செய்திகளில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆபத்தானது. ஆண்டைச் சொல்லி ஆறுதல் தர நான் விரும்பவில்லை. நான் மாணவியாக இருந்த காலத்திலேயே ‘இன்னும் பத்து ஆண்டில்’ என்று பேராசிரியர்கள் சொன்னார்கள். அதனால் தேதிக்குப் பதிலாக, பாதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கணையத்துக்குள் தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் செல் திட்டுகளைப் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் 1869இல் முதலில் விவரித்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இருப்பது அவற்றில்தான். 1889இல் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு வந்ததை மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் கண்டார்கள். அங்கிருந்து மருந்துக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை பிள்ளைகளுக்கு இருந்த ஒரே சிகிச்சை பட்டினி போடுவது. அது சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போட்டதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. 1922 ஜனவரி 11 அன்று டொரான்டோவில் லியனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அப்போது அவன் எடை முப்பது கிலோகூட இல்லை. விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த சாறு தூய்மையாக இல்லாததால் அந்த முதல் ஊசி பலிக்கவில்லை, ஊசி போட்ட இடமும் புண்ணாகியது. காலிப் என்ற வேதியியலாளர் இரவும் பகலும் முயன்று சாற்றைத் தூய்மைப்படுத்தித் தர, ஜனவரி 23 அன்று போட்ட ஊசிதான் வேலை செய்தது. சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டறிந்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு விற்றார்கள். இன்று மருந்துக் கடையில் விலை கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு டாலர் நினைவுக்கு வரும்.

இன்சுலின் உயிரைக் காத்தது, நோயைப் போக்கவில்லை. போக்குவதற்கு இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். அழிந்த செல்களுக்கு ஈடான செல்கள் வேண்டும். வைத்த செல்களை உடலின் எதிர்ப்பாற்றல் மீண்டும் அழிக்காமலும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு செய்தியையும் இந்த இரண்டைக் கொண்டு உரசிப் பாருங்கள்.

கனடாவின் எட்மண்டனில், 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்றில், ஏழு நோயாளிகளுக்கு, இறந்தவர்களின் கணையத்திலிருந்து பிரித்த தீவுச் செல்களைக் கல்லீரலின் இரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். ஏழு பேரும் ஊசியை விட்டார்கள். ஆனால் ஒருவருக்கே இரண்டு, மூன்று பேரின் கணையம் தேவைப்பட்டது. பின்னர் இதே சிகிச்சை பெற்ற மற்றவர்களையும் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் கணக்கெடுத்தபோது ஊசி இல்லாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான்.

செல்லுக்கான தட்டுப்பாட்டைத் தீர்க்க, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து தீவுச் செல்களை வளர்க்கிறார்கள். நீங்கள் அனுப்பிய சீனச் செய்தி பொய்யல்ல: தியான்ஜினில் 25 வயதுப் பெண் ஒருவரின் சொந்தச் செல்களையே மாற்றி வளர்த்து அவருடைய வயிற்றுத் தசையில் வைத்தார்கள், இரண்டரை மாதத்தில் அவர் ஊசியை விட்டார், 2024இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. ஆனால் அவர் முன்பே கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தில் இருந்தவர் என்ற வரியை, செய்தியை அனுப்பியவர் விட்டுவிட்டார். அமெரிக்கச் செய்தியும் அப்படியே: ஜிமிஸ்லிசெல் என்ற வளர்ப்புச் செல்லை முழு அளவில் ஒரே முறை பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் முடிவில் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். மிகப் பெரிய முன்னேற்றம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள். தாழ்சர்க்கரை, அதாவது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, வருவதே தெரியாமல் அடிக்கடி மயங்கி விழுந்தவர்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியவர்கள். அந்த ஆய்வில் இருவர் இறந்தார்கள். ஒருவரின் மரணத்துக்குக் காரணம் பூஞ்சையால் வந்த மூளை உறைத் தொற்று. வளர்கிற ஏழு வயதுப் பிள்ளையை அத்தகைய மருந்தில் வைப்பது, இன்சுலினை விடக் கொடிய விலையைக் கொடுத்து ஊசியிலிருந்து விடுதலை வாங்குவதாகும்.

இரண்டாவது தடையைத் தாண்டும் முயற்சிகளில் நான் ஆவலோடு பின்தொடர்வது சுவீடனின் உப்சாலாவில் நடந்தது. எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாதபடி மரபணுவைத் திருத்திய தீவுச் செல்களை ஒருவரின் முன்கைத் தசையில் வைத்து, அடக்கும் மருந்து ஏதுமில்லாமலேயே அவை பிழைத்து இன்சுலின் சுரப்பதை 2025இல் காட்டினார்கள். வைத்த அளவு சிறிது. அவர் ஊசியை விடவில்லை. அவர் ஒரே ஒருவர். இருந்தாலும் பூட்டுக்குச் சாவி பொருந்துகிறது என்பது தெரிந்துவிட்டது. டெப்லிசுமாப் என்ற மருந்தை அமெரிக்கா 2022 நவம்பரில் ஒப்புக்கொண்டது. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கென அப்போது ஒப்புக்கொள்ளப்பட்ட அது, நோய் வெளிப்படுவதற்கு முந்தைய கட்டத்தில் கொடுத்தால், நோயைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடும். உங்கள் மகன் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டான்.

உங்கள் மகனின் பங்குக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது: தீர்வு வரும் நாளில் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடாமல் இருப்பது. 1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில் 1,441 முதல் வகை நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண் திரைக் கோளாறு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைகிறது என்று நிறுவினார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 7க்குக் கீழே வைக்க முயல்கிறோம்.

*

ஸ்டெம் செல் சிகிச்சை தருவதாக ஒரு மருத்துவமனை பல லட்சம் கேட்கிறது. நிலத்தை விற்றுப் பணம் கட்டலாமா?
– வாசகர், நெய்வேலி

விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, நீரிழிவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்பது ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே தரக் கூடாத ஒன்று. ஆய்வு என்றால் அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும், பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கேட்ட மறுநாளே உங்களைத் தொலைபேசியில் அழைப்பது நின்றுவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

*

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஏழாம் வகுப்பில் இன்சுலின் போடும் மாணவன் ஒருவன் இருக்கிறான். பாட நேரத்தில் சாப்பிடுகிறான் என்று இன்னொரு ஆசிரியர் அவன் டப்பாவை வாங்கி வைத்துவிட்டார். அன்று மூன்றாம் பாடவேளையில் அவன் கை நடுங்கி, வியர்த்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். பயந்துபோனோம். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஆசிரியை, பாகூர்

அந்தப் பையன் பாட நேரத்தில் தின்பண்டம் தின்னவில்லை, மருந்து சாப்பிட்டிருக்கிறான். நீங்கள் விவரித்திருப்பது தாழ்சர்க்கரை; வீடுகளில் ‘லோ ஆகிவிட்டது’ என்பார்கள். போட்ட இன்சுலினுக்கு ஈடாக உணவு சேராதபோதோ, வழக்கத்துக்கு மேல் ஓடி ஆடியபோதோ இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, எரிச்சல், உளறல் என்று தொடங்கி, கவனிக்காவிட்டால் வலிப்பு வரை போகும். அடங்காத பையன் என்று பெயர் வாங்கிய சில பிள்ளைகளின் கோபத்துக்குப் பின்னால் இது இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் தூளையோ அரை டம்ளர் நீரில் கரைத்துக் கொடுங்கள். ஏறக்குறைய 15 கிராம் ஆகும். பிஸ்கட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் சேரும் என்பதால் முதலில் அவை வேண்டாம். பதினைந்து நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிடட்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். லோ ஆன பிள்ளையைத் தனியாகக் கழிப்பறைக்கோ தலைமையாசிரியர் அறைக்கோ அனுப்பக் கூடாது, வழியில் விழுந்துவிடுவான்.

உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். புதுவை அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பயன்படும். முதல் வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வுக்கு இனிப்பு மிட்டாய், பழம், சிற்றுணவு, தண்ணீர் ஆகியவற்றை எடுத்து வர 2017 முதலே அந்த வாரியம் இடமளித்திருக்கிறது. தேர்வறையிலேயே அனுமதி இருக்கும்போது வகுப்பறையில் டப்பாவைப் பிடுங்குவதற்கு எந்த விதியும் இல்லை என்பதைச் சக ஆசிரியரிடம் நயமாகச் சொல்லுங்கள். மதிய ஊசியைப் போட அவனுக்குக் கதவு உள்ள ஒரு சுத்தமான இடம் கொடுங்கள். பல பிள்ளைகள் கழிப்பறையில் நின்று போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி அது.

*

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பக்கத்து வீட்டில்தான் இன்சுலினை வைத்திருக்கிறோம். புயல் காலத்தில் அவர்கள் வீட்டிலும் மின்சாரம் இருப்பதில்லை. என்ன செய்வது?
– மீனவர் குடும்பத்துப் பெண், தேவனாம்பட்டினம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்த பிறகு கடலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலையோ பேனாவையோ வெயில் படாமல், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாமல் வைத்திருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். பெட்டியில் உள்ள தாளில் உங்கள் வகைக்கான கணக்கு இருக்கும். வீட்டில் குளிர்பெட்டி இல்லாதவர்களுக்கு மண்பானைதான் துணை. பெரிய பானையில் ஈர மணலை நிரப்பி, நடுவில் சிறிய மண்கலயத்தைப் பதித்து, இன்சுலினை இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதற்குள் வைத்து, மேலே ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமுள்ள நிழலில் இருக்கட்டும். காலையும் மாலையும் மணலில் நீர் தெளியுங்கள். வெளி வெப்பத்தை விடச் சில டிகிரி குறையும். கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில் நீர் ஆவியாவது குறைவதால் பானை அவ்வளவாகக் குளிராது; ஆகவே மழைக்காலத்தை நம்பிச் சேமித்து வைக்காமல், மாத அளவை மட்டும் வாங்குங்கள். மீன் பெட்டிப் பனிக்கட்டியில் நேராகப் புதைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயனில்லை. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, உருட்டியும் கரையாத திட்டு தெரிந்தாலோ அதைக் கொட்டிவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் இன்சுலின், சிரிஞ்சு, ஸ்ட்ரிப், குளுக்கோஸ், நோட்டு ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டி, நிவாரண முகாமுக்குப் போகும்போது முதலில் எடுப்பது அதுவாக இருக்கட்டும்.

முகாமில் இன்னோர் ஆபத்து உண்டு. நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது. அதற்கு உரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. அவசரத்தில் யாரோ கொடுத்ததை மாற்றிப் போட்டால், 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது பத்து யூனிட் அல்ல, இருபத்தைந்து. பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் 40ஐயும் சிரிஞ்சின் மேல் எழுதியிருக்கும் 40ஐயும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

*

பலாப்பழக் காலத்தில் வீடு முழுக்க வாசனை. என் மகள் மட்டும் அழுகிறாள். ஒரு சுளைகூடத் தரக் கூடாதா?
– வாசகி, பண்ருட்டி

பண்ருட்டியில் இருந்துகொண்டு பலாவை மறுப்பது கொடுமை, தேவையும் இல்லை. பழுத்த பலாச்சுளையில், கொட்டை நீக்கி 100 கிராமுக்கு ஏறத்தாழ 23 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒப்பிட்டால் 100 கிராம் சோற்றில் 28 கிராம். சமையலறைத் தராசில் இரண்டு மூன்று சுளையை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு கண் அளவே போதும். சாப்பாட்டோடு சேர்த்து, அந்த வேளைச் சோற்றில் அதே அளவைக் குறைத்தோ, மருத்துவர் சொல்லிக்கொடுத்த கணக்கின்படி இன்சுலினைக் கூட்டியோ கொடுங்கள். ஊசி போடாமல் இடையில் எடுத்துத் தின்பதுதான் கூடாது. ஒளித்து வைத்தால் ஒளிந்து தின்பாள். அந்தக் கணக்கு நோட்டில் ஏறாது.

*

மூத்தவளுக்கு இந்த நோய். இளையவனுக்கும் வருமா? மகளுக்கு வயது வந்ததும் வரன் பார்க்கும்போது மறைத்துவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள்.
– ஒரு தாய், சிதம்பரம்

உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்து அளவில்தான். பொதுமக்களை விட அதிகம், ஆனால் பெரும்பாலும் வருவதில்லை. இளையவன் அடிக்கடி தண்ணீர் குடித்து, இரவில் படுக்கையை நனைத்து, எடை குறைந்தால் அன்றே ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மறைப்பது பற்றி: இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் பெண் கருவுற்று நல்லபடியாகப் பிள்ளை பெறலாம், ஆனால் அதற்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே திட்டமிட்ட கவனிப்பு வேண்டும். மறைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் அவள் ஊசியை எங்கே போடுவாள்? மறைக்கும் முதல் வாரத்திலேயே ஊசி தவறும். இப்படித் திருமணமாகிப் பத்து நாளில் கீட்டோன் முற்றி வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருப்பதால் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

*

டாக்டர் ஆன்ட்டி, எனக்கு 12 வயது. நான் வேகப்பந்து வீசுவேன். சுகர் இருப்பதால் அணியில் சேர்க்க முடியாது என்று மாஸ்டர் சொல்கிறார். நான் விளையாடக் கூடாதா?
– லாஸ்பேட்டை

தம்பி, தாராளமாக விளையாடலாம். பாகிஸ்தானின் வாசிம் அக்ரமுக்கு 1997இல், முப்பது வயதை ஒட்டி, உனக்கு வந்த அதே முதல் வகை நீரிழிவு வந்தது. அதற்குப் பிறகும் அவர் 2003 உலகக் கோப்பை வரை வீசி, ஒருநாள் போட்டிகளில் 502 விக்கெட் எடுத்து முடித்தார். மாஸ்டரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

ஆட்டத்துக்கு முன் சர்க்கரையைப் பார். 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு இறங்கு. 250க்கு மேலே இருந்து சிறுநீரில் கீட்டோனும் தெரிந்தால் அன்று மட்டும் வீசாதே. ஓடப் போகும் காலில் ஊசி போட்டுக்கொள்ளாதே, மருந்து சீக்கிரம் ஏறிவிடும். கால்சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். அது எந்தப் பையில் இருக்கிறது என்று விக்கெட் கீப்பருக்குத் தெரிந்திருக்கட்டும். நிறைய ஓவர் வீசிய அன்று, தசைகள் இரவெல்லாம் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும்; அதனால் படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு, குறைவாக இருந்தால் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுத் தூங்கு. விடியற்காலை மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பார்க்கும்படி அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.